எண்கள் நாதமாகும் இடம்

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி 2014-ல் மூடப்பட்ட நோக்கியா ஆலையின் கைப்பேசியானாலும் சரி, இன்று சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் கோக்கும் ஐபோனானாலும் சரி, ஒரு வேலை மட்டும் எல்லாவற்றுக்குள்ளும் பொது. சேமித்து வைத்த எண்களைக் காது கேட்கும்படியான மின்னலையாக மாற்றுவதுதான் அது. அந்த வேலைக்கான சுற்றுக்கு டிஜிட்டல்-அனலாக் மாற்றி என்று பெயர். ஆடியோ பிரியர்கள் சுருக்கமாக ‘டாக்’ என்பார்கள். ஒரகடத்திலிருந்து வெளியேறும் கார்களின் மியூசிக் சிஸ்டத்திலும் அது இருக்கிறது.

ஆலையில் சால்டர் பேஸ்ட் பூசிய பலகை நகர்ந்து வரும். ரீலிலிருந்து சில்லை எடுத்து எந்திரம் அதன் இடத்தில் வைக்கும். 240 டிகிரியைத் தொடும் அடுப்புக்குள் போய்வந்ததும் அது ஒட்டிக்கொள்ளும். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறும் டிப்ளமோ படித்த இளைஞருக்கு, அந்தச் சில்லின் காலருகே ஏன் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லித்தர அந்த லைனில் நேரம் கிடையாது. அதைக் கற்க வீட்டு மேசையிலேயே ஒரு டாக் கட்டிப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

1982-ல் சந்தைக்கு வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்துவைக்கிறது. அதுதான் 16 பிட். அந்த எண்ணை மறுபடி மின்னழுத்தமாக்க மிகப் பழைய வழி மின்தடை ஏணி. ஒரு மடங்கு, இரு மடங்கு என இரண்டே மதிப்பிலான மின்தடைகளை ஏணிபோல் கோத்தால், ஒவ்வொரு பிட்டும் தனக்கு மேலுள்ள பிட்டில் சரிபாதி மின்னழுத்தத்தைத் தரும்.

சிக்கல் எங்கே வருகிறது என்பதுதான் சுவாரசியம். வீணையில் ஒரு ஸ்வரத்தை மீட்டி விட்டால் நாதம் மெல்லத் தேய்ந்து அடங்கும். அந்தக் கடைசி நொடிகளில் அலை நடுக்கோட்டை ஒட்டியே மேலும் கீழும் ஆடுகிறது. ஏணியிலோ அந்த நடுக்கோடுதான் ஆபத்தான இடம்: பெரிய பிட் பூஜ்யமாகவும் மற்ற 15-ம் ஒன்றாகவும் இருந்த நிலை, அடுத்த படியில் அப்படியே தலைகீழாகிறது. தராசில் 15 சின்ன எடைக்கற்களை எடுத்துவிட்டு ஒரே பெரிய கல்லை வைப்பதற்குச் சமம் இது. பெரிய கல்லில் துளி பிசகினாலும் முள் துள்ளிவிடும். கடையில் கிடைக்கும் 1 சதவீத மின்தடையை அந்த இடத்தில் வைத்தால் பிசகு நூற்றுக்கணக்கான படிகளுக்குப் போகும். ஒரு படிக்குள் அடக்க வேண்டுமென்றால் துல்லியம் 0.0015 சதவீத அளவில் வேண்டும். உரத்த பாட்டில் தெரியாத பிழை, மிக மென்மையான இடத்தில் கரகரப்பாக வந்து நிற்கும்.

இதைக் காதால் கேட்க 8 பிட் ஏணி போதும். ஒரே ரீலிலிருந்து 25 மின்தடைகளை, எல்லாம் 10 கிலோ ஓம், எடுத்துக்கொள்ளுங்கள். இரு மடங்கு வேண்டிய இடத்தில் இரண்டைத் தொடராகச் சேருங்கள். ஏணிக்கு முக்கியம் விகிதம்தான். எல்லாவற்றையும் ஒட்டி வைத்தால் மே மாத வெக்கையிலும் ஏறக்குறைய ஒன்றாகவே சூடேறி, விகிதம் பெரிதாகக் கெடாமல் நிற்கும்.

16 பிட்டுக்கு நான் ஏணியைப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் ஒலியில் தனி இனிமை உண்டு என்பவர்கள் இருக்கிறார்கள். முதல் முயற்சிக்கு அது வீண் செலவு. 1962-ல் ஜப்பானில் இனோசே, யசுடா குழு முன்வைத்த டெல்டா-சிக்மா முறை வேறு பாதையில் போகிறது. துல்லியத்துக்குப் பதில் வேகம்: சில படிகளை மட்டும் வைத்துக்கொண்டு நொடிக்குப் பல லட்சம் முறை மாற்றி, பிழையைக் காதுக்கு எட்டாத அதிர்வெண்களுக்குத் தள்ளி, பிறகு வடிகட்டிவிடுவது. இந்தத் துறையில் உலகம் படிக்கும் நூலின் 2017 பதிப்பை எழுதிய மூவரில் ஒருவர், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் உள்ள சென்னை ஐஐடியின் பேராசிரியர் சாந்தி பவன். அவரும் சக ஆய்வாளர்களும் வெறும் 90 மைக்ரோவாட்டில் ஓடும் 15 பிட் ஆடியோ மாற்றி ஒன்றை வடிவமைத்தார்கள். அது எதிர்த்திசை, ஒலியை எண்ணாக்குவது, கணக்கு ஒன்றே. அவருடைய வகுப்புகள் என்பிடெல் இணையப் பாடத் தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. தொழிற்பேட்டைப் பிள்ளைகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில், இந்த டெல்டா-சிக்மா முறையில் ஓடும் பிசிஎம்5102 சில்லு பொருத்திய குட்டிப் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பிட் கடிகாரம், இடது-வலது கடிகாரம், தரவு என ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியிலிருந்து மூன்று கம்பிகள், கூடவே மின்சாரமும் கிரவுண்டும் கொடுத்தால் பாட்டு வந்துவிடும். நல்ல பாட்டு வருவதற்கான வேலை அதன் பிறகுதான்.

முதலில் கடிகாரம். உரத்த 20,000 ஹெர்ட்ஸ் ஒலியில் பிழை அரைப் படியைத் தாண்டாமலிருக்க, ஒவ்வோர் எண்ணும் ஏறக்குறைய 120 பிக்கோ நொடிக்குள் வந்து சேர வேண்டும். அந்த நேரத்தில் ஒளிகூட 4 செ.மீ. கடக்காது. அதனால்தான் சிடி வகைக்கு 22.5792, சினிமா வீடியோ வகைக்கு 24.576 மெகாஹெர்ட்ஸ் எனத் தனித்தனிப் படிக ஆஸிலேட்டர்களைச் சில்லுக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள்.

அடுத்தது மின்சாரம். சில்லு திடீரென்று மின்னோட்டம் கேட்கும் கணத்தில் நீளமான தடம் வழியாக அது வந்து சேர்வதற்குள் மின்னழுத்தம் ஆடிவிடும். காலருகே உள்ள 0.1 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர்தான் அந்த இடைவெளியை நிரப்புகிறது, இரண்டு செ.மீ. தள்ளி வைத்தால் பாதிப் பயன் போச்சு.

கட்டி முடித்ததும் முழு ஒலியைவிட 60 டெசிபல் குறைவான 1,000 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு, வெளிவருவதைக் கணினியில் அலைமாலையாகப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் மேடு தெரிந்தால் கிரவுண்டு கம்பியைச் சந்தேகியுங்கள். 100 ஹெர்ட்ஸில் தெரிந்தால் பவர் சப்ளையின் வடிகட்டல் போதவில்லை. 2,000, 3,000-ல் எழுந்தால் மாற்றியோ அதன் பின்னுள்ள ஆம்ப்ளிபையரோ அலையை நெளிக்கிறது. சில்லின் டேட்டா ஷீட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும்.