தேளின் குலம் அறிதல்

பேராதனைப் பல்கலைக்கழகத்து விலங்கியல் அறிஞர் கித்சிறி ரணவனவும், செக் நாட்டுத் தேள் ஆராய்ச்சியாளர் பிரான்டிசெக் கொவாரிக்கும், அவர்களோடு சேர்ந்த பிறரும் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, அதுவரை சாஸ்திர உலகம் அறியாதிருந்த நான்கு தேளினங்கள் இலங்கை மண்ணுக்குரியனவாக நிறுவப்பெற்றன. அவற்றுள் ஒன்று, உதுவன்கந்தைக் கொள்ளைக்காரன் சரதியேலின் பெயரைத் தாங்கிச் சார்மஸ் சரதியேலி எனப்படுகிறது. விறகுக்கட்டை அவிழ்க்கையிலோ கல்லைப் புரட்டுகையிலோ தேளைக் கண்டால் அடித்துக் கொல்வதே தோட்டத்து வழக்கமாக இருக்க, அதே பிராணியைப் பத்திரமாக எடுத்து வைத்து, இது முன்னமே பெயர் பெற்ற இனமா, புதியதா என்று ஓர் ஆராய்ச்சியாளர் தீர்மானிப்பது எவ்வாறு?

நிறத்தையும் நீளத்தையும் மாத்திரம் அவர் நம்புவதில்லை. வயதாலும் ஆண் பெண் பேதத்தாலும் அவை மாறக்கூடியன. வயிற்றுப்புறத்தில், கடைசிக் கால்களையடுத்து, சீப்பைப் போன்ற ஓர் இணை உறுப்பு உண்டு; தேள் நிலத்தைத் தடவி வாசனையறிவதற்கு உதவும் அவ்வுறுப்பின் பற்களை முதலில் எண்ணுகிறார். பின்னர், காற்றின் மெல்லிய அசைவையும் உணரவல்ல நுண்மயிர்கள் கொடுக்குக் கைகளில் எங்கெங்கே முளைத்திருக்கின்றன என்று குறிக்கிறார். பிரெஞ்சு அறிஞர் மாக்ஸ் வாஷோன் அம்மயிர்களுக்குத் தனித்தனிக் குறியீடு அளித்து வகுத்த முறையே இன்றும் இதற்கு ஆதாரம். வாற்கணுக்களின் வரம்புகள், விஷமுள்ளின் அடியிலுள்ள சிறு புடைப்பு ஆகியவையும் சாட்சிகளே.

அந்த ஆராய்ச்சி உருவ லட்சணங்களோடு நின்றுவிடாமல் குரோமோசோம்களையும் நோக்கியது. பெரும்பாலான பிராணிகளில், உயிரணு பிரியும்போது குரோமோசோம் ஒரு குறித்த இடத்திலேயே பற்றி இழுக்கப்படுவதால், உடைந்து தனித்த துண்டு தொலைந்துபோகும். இப்புதிய நான்கும் சேர்ந்த பூத்திடே குடும்பத்திலோ குரோமோசோமின் முழு நீளமும் பற்றுக்கோடாக அமைவதால், உடைந்த துண்டும் பிழைத்து அடுத்த தலைமுறைக்குச் செல்லும். ஆகவே நெருங்கிய இனங்களுக்கிடையே எண்ணிக்கை வியக்கத்தக்கவாறு வேறுபடுகிறது. எனினும் ஒரே இனத்திற்குள்ளும் அது மாறுவதுண்டாதலால், அந்த எண்ணை மட்டும் கொண்டு தீர்ப்பளிப்பது அவசரமாகும். நம்மவர் நட்டுவாக்காலி என்னும் கரிய பெருந்தேள்களைப் பற்றி 2020இல் லொரென்சோ பிரெண்டினியும் ஸ்டெபனி லோரியாவும் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், உருவத்தோடு டி.என்.ஏ. வரிசைகளும் ஒப்பிடப்பட்டன; இலங்கை நாட்டின் பெயரையே தாங்கும் சிறிலங்காமெட்ரஸ் என்ற பேரினம் அப்போது மீண்டும் நிலைபெற்றது.

இவ்வாறு இனம் அறிவதால் மனிதருக்கு வரும் பயனை யாழ்ப்பாணம் அறியும். அங்கே தேள் கொட்டிக் கடும் உபாதைக்குள்ளானவர்களைக் கண்ட வைத்தியர்களும் விலங்கியலாரும் சேர்ந்து, அது இந்தியச் செந்தேளே என்று 2013இல் உறுதிப்படுத்தினர். அதன் நஞ்சுக்குப் பிரசோசின் என்னும் மருந்து உதவுமென்று மகாராஷ்டிர வைத்தியர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் முன்னமே காட்டியிருந்தார்.

ஆனால் இனம் அறிவதற்குத் தேள்கள் வாழ இடம் இருக்க வேண்டும். ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது முதல், நுவரெலியா, ஹட்டன் மலைகளிலும் தேயிலை பரவியதால், பழைய வனம் சிவனொளிபாதமலைச் சாரலிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும், தோட்டங்களிடையே ஓடையோரத் துண்டுகளிலுமாக ஒதுங்கிவிட்டது. தொலைதூரம் பெயர்ந்து செல்லாத இப்பிராணிகள் அத்தகைய துண்டுகளுள் பிரிந்து வாழ நேர்ந்தால், ஓரிடத்தில் அழிந்தது மற்றோரிடத்திலிருந்து எளிதில் வந்து குடியேறுவதில்லை. ஆதலால் ஓடையோர மரங்களை வெட்டப் புகுமுன், அங்குள்ள கற்களின் அடியையும் உளுத்த பட்டைகளின் இடுக்கையும், தேளை ஒளிரச் செய்யும் புறஊதா விளக்கோடு ஓரிரவாவது ஆராய வேண்டுமென்று தோட்ட நிர்வாகங்களை நான் மன்றாடிக் கேட்கிறேன்.