அச்சு முந்தியா, சக்கரம் முந்தியா?

வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமன்மார் பிள்ளைகளுக்குக் கொண்டுவரும் பரிசுகளுள், ரேடியோ விசையால் ஓடும் சிறு லாரியும் இக்காலத்தில் ஒன்றாகிவிட்டது. உடல் சிறுத்துச் சக்கரம் மட்டும் பூதாகாரமாகப் பெருத்திருக்கும் அவ்வண்டியை ‘மான்ஸ்டர் டிரக்’ என்பர். சில நாள் ஓட்டிய பின், இன்னும் பெரிய சக்கரம் வேண்டுமென்று பிள்ளைகள் கேட்பது இயல்பே. பெற்றோரும் மனமிரங்கிச் செலவு செய்து சக்கரத்தை மாற்றுகின்றனர். சின்னாட்களில் வண்டி முடங்கிவிடுகிறது, பிள்ளையின் முகம் வாடுகிறது, பணமும் வீணாகிறது. இதற்குக் காரணம் யாதென நாம் சற்றே ஆராய்வோம்.

இவ்வகை வண்டிகளின் பிறப்பிடம் அமெரிக்கா. செயின்ட் லூயிஸ் நகரப் பகுதியைச் சேர்ந்த பாப் சாண்ட்லர் என்பவர் 1970-களில் தம் ஃபோர்டு வண்டிக்குப் பெரிய சக்கரங்களைப் பூட்டி, அதற்கு ‘பிக்ஃபுட்’ என்று பெயரிட்டார். சக்கரம் வளர வளர, அதற்கு ஈடாக ராணுவ லாரிகளின் கனத்த அச்சுகளையும் அவர் பொருத்த நேர்ந்தது. பின்னர் இவ்வண்டிகள் விளையாட்டுப் பொருளாகவும் உருவெடுத்தன. ஜப்பானிய நிறுவனமாகிய டாமியா 1987-இல் வெளியிட்ட ‘கிளாட் பஸ்டர்’ அவற்றுள் புகழ்பெற்றது. அதில் அச்சுக்கு ஒரு மோட்டாராக இரண்டு மோட்டார்கள் உண்டு. நான்கு சக்கரங்களும் திரும்பும்.

சக்கரம் என்பது வட்டமாக வளைந்த நெம்புகோலே எனலாம். அதன் ஆரம் இரட்டித்தால், தரையில் அதே தள்ளுவிசையைப் பெறுவதற்கு அச்சு இரு மடங்கு முறுக்கத்தைத் தாங்க வேண்டும். மோட்டாரோ பழைய மோட்டார்தான். ஆகவே அது சூடேறித் திணறுகிறது. மோட்டாரின் முனையில் பற்கள் குறைந்த பல்சக்கரத்தை இட்டால் வேகம் குறைந்து முறுக்கம் கூடும். மயிற்பீலியேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்தியது இவ்விளையாட்டு வண்டிக்கும் பொருந்துவதாயிற்று.

பல மலிவு வண்டிகளில் அச்சு பிளாஸ்டிக் வளையத்தினுள்ளே சுழல்கிறது. மணல் புகுந்தால் அதன் துளை அகன்று சக்கரம் ஆடத் தொடங்கும். ஆதலின் முதற்கண் மாற்றத் தக்கது பால் பேரிங். அடுத்து எஃகு அச்சு. அச்சின் நுனியில் சக்கரத்தைப் பற்றும் அறுகோணக் கட்டை ஒன்று உண்டு. சிறு வண்டிகளில் அது பெரும்பாலும் 12 மில்லிமீட்டர், பெரிய வண்டிகளில் 17 மில்லிமீட்டர். அக்கட்டையை அச்சோடு பிணைப்பது ஒரு சிறு ஊசி. அது கழன்றால் மோட்டார் சுழலும், சக்கரம் சுழலாது. பெருந்தேரைத் தாங்கும் அச்சாணியின் சிறுமை கண்டு இகழலாகாது என்பதும் வள்ளுவர் வாக்கன்றோ!

மூன்றாவதாகத் திருப்பும் உறுப்பைக் கவனிப்போம். அதனை இயக்கும் சிறு மோட்டாருக்கு ‘சர்வோ’ என்று பெயர். பத்து கிலோகிராம்-சென்டிமீட்டர் வலிமையுள்ள சர்வோ, ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள கையின் நுனியில் பத்து கிலோ பளுவைத் தாங்கும். கனத்த சக்கரம் கல்லில் மோதுகையில் சர்வோவின் பிளாஸ்டிக் பற்கள் உதிர்ந்துவிடும். உலோகப் பற்கள் கொண்டதை வாங்குவது நலம். ஆயின் வலிய சர்வோ மின்சாரத்தையும் மிகுதியாக இழுக்கும். அதற்கேற்ற மின்வசதி இன்றேல், ஓடும்போதே வண்டி நம் சொற்கேளாது போகும்.

திருப்புதற்கும் அச்சுக்கும் உள்ள உறவை நம் ரயில் பெட்டியிலேயே காணலாம். அதன் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருந்தியவை. சக்கரத்தின் உருளும் பரப்பு 20-க்கு 1 என்னும் அளவில் சாய்ந்திருப்பதால், வளைவில் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் உட்சக்கரம் சிறிய வட்டத்திலும் உருண்டு, பெட்டி தானே திரும்புகிறது. விளையாட்டு லாரிக்குத் தண்டவாளம் இல்லை. ஆகவே இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் ‘டிஃபரென்ஷியல்’ பற்சக்கரத் தொகுதி அதற்குத் தேவைப்படுகிறது. மேடேறும் ஆவலில் அதனை இறுக்கிப் பூட்டுவோர், திரும்புதல் கடினமாகும் என்பதையும் கருத வேண்டும்.

தமிழர்க்கு இவை புதியன அல்ல. ஸ்டீயரிங் இல்லாத நம் தேர்களை முட்டுக்கட்டை இட்டே திருப்புகின்றனர். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளி பெல் தொழிற்சாலை இரும்பு அச்சும் சக்கரமும் செய்தளித்ததோடு, ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துத் தந்தது. எளிதில் உருளுவதை எளிதில் நிறுத்தவும் வழி வேண்டுமன்றோ! இதன் அருமை 2022 ஜூன் மாதத்தில் துயரத்தோடு விளங்கிற்று. தருமபுரி மாவட்டத்தில் கோயில் தேர் ஒன்றின் அச்சு முறிந்து, தேர் சாய்ந்து, இருவர் உயிரிழந்தனர்.

ஆகவே பெற்றோருக்கு நாம் கூற விரும்புவது இதுவே: ஒரு உறுப்பை வலுப்படுத்தினால் பளு அடுத்த உறுப்பின்மேல் ஏறும். பேரிங், அச்சு, சர்வோ என்னும் வரிசையில் சரிசெய்து, சக்கரத்தை இறுதியில் மாற்றுக. வேகமாக வரும் கனத்த வண்டி குழந்தையின் காலை முறிக்கவும் கூடும். எனவே சாலைக் கடைத்தெரு போன்ற நெரிசலான இடங்களை விடுத்துத் திறந்த மைதானத்திலேயே ஓட்டச் செய்க. வண்டி நின்றுவிட்டால் உடனே புதியது வாங்காதீர்கள். திருகாணியைப் பிள்ளையே கழற்றி, எந்த உறுப்பு முறிந்தது, அதன்மேல் பளு எங்கிருந்து வந்தது என்று கண்டு சொல்லட்டும். அவ்விடையைத் தானே காணும் பிள்ளைக்கு அப்பொம்மை பாதிப் பள்ளிக்கூடமாகும்.