ஜீர், ஸ்னீர் – இரண்டும் ஒன்றா?



போன மாதப் பரீட்சையில் 'ஜீர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'கேலி செய்தல்' என்று எழுதினேன். மார்க் கிடைத்தது. 'ஸ்னீர்' என்ற சொல்லுக்கும் அதையே எழுதினேன். முட்டை! "டிக்‌ஷனரியில ரெண்டுக்கும் கேலி, ஏளனம்னுதானே சார் போட்டிருக்கு?" என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். இங்கிலீஷ் சார் சிரித்துவிட்டு, "ஒண்ணு வாயால செய்யுறது, இன்னொண்ணு மூஞ்சியால செய்யுறதுடா" என்றார். அன்று அவர் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எழுத்து. ஜே போட்டு, இரண்டு ஈ, ஒரு ஆர் போட்டால் ஜீர். (மடத்து ஜீயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) ஜே-க்குப் பதில் எஸ், என் போட்டால் ஸ்னீர். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் குணம் வேறு.

ஜீர் என்றால் சத்தம் வேண்டும். ஊளையிடுவது, 'ஓ' போடுவது, கத்திச் சிரிப்பது எல்லாம் இதில் சேரும். பெரும்பாலும் கூட்டமாகச் செய்வது. இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் இது பழைய வழக்கம். 1837-இல் டிஸ்ரேலி என்பவர் தன் முதல் பேச்சைப் பேச எழுந்தார். எதிர்த்தரப்பினர் போட்ட கூச்சலிலும் சிரிப்பிலும் அவரால் ஒழுங்காகப் பேசவே முடியவில்லை. இப்போது உட்காருகிறேன், நீங்கள் என் பேச்சைக் கேட்கும் காலம் வரும் என்று குரலை உயர்த்திச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். 1868-இல் அவரே பிரதம மந்திரி ஆனார். அன்று அந்தச் சபையில் நடந்ததுதான் ஜீர்.

ஸ்னீருக்குச் சத்தமே தேவையில்லை. மேல் உதடு ஒரு பக்கமாக லேசாகத் தூக்கும், மூக்கு சுளிக்கும். அவ்வளவுதான். டார்வின் 1872-இல் மனிதர், விலங்குகளின் உணர்ச்சிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதையும் விட்டுவைக்கவில்லை. ஏளனம் செய்பவன் உதட்டை ஒரு பக்கம் தூக்கிக் கோரைப்பல்லைக் காட்டுவதும், நாய் உறுமும்போது பல்லைக் காட்டுவதும் ஒரே மாதிரி என்கிறார். நம்ம ஆளுங்க சில பேர் முகத்தை நினைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது!

சார் ஒரு சுலபமான சோதனை சொன்னார். கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிந்தால் ஜீர். காதைப் பொத்திக்கொண்டாலும் தெரிந்தால் ஸ்னீர். கதைப் புத்தகங்களில் ஒருவன் பேசிய வாக்கியத்துக்குப் பின்னால் 'ஸ்னீர்டு' என்று வருமே என்று கேட்டேன். அங்கே அந்த முகத்தோடு, இளக்காரமான குரலில் சொன்னான் என்று அர்த்தமாம்.

இலக்கணத்திலும் வித்தியாசம் இருக்கிறது. 'ஜீர்டு ஹிம்', 'ஜீர்டு அட் ஹிம்' இரண்டும் சரி. ஆனால் 'ஸ்னீர்டு ஹிம்' என்று எழுதினால் தப்பு. 'அட்' கட்டாயம் வேண்டும். பரீட்சைக்கு இது உதவும், குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஜீர் யாரும் யாரையும் செய்யலாம். மேடையில் இருக்கும் பெரிய தலைவரைக் கீழே நிற்கும் ஜனங்கள் செய்யலாம். ஸ்னீரில் மட்டும் 'நான் உன்னைவிட மேலே' என்ற நினைப்பு ஒளிந்திருக்கும். இது புரிந்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த வருடம் எங்கள் வகுப்பில் ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். கிராமத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவன். என் பக்கத்தில்தான் உட்கார்கிறான். முதல் வாரம் பாடம் வாசிக்கும்போது 'நாலெட்ஜ்' என்பதை 'க்னோவ்லெட்ஜ்' என்று படித்தான். வகுப்பே "க்...னோ...வ்" என்று கத்தியது. சார் மேசையைத் தட்டினார், அடங்கியது. நான் கத்தவில்லை. நான் நல்லவன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சார் விளக்கம் சொன்ன அன்று சாயங்காலம், "அன்னிக்கு எல்லாரும் உன்னை ஜீர் பண்ணாங்கல்ல, நான் பண்ணலடா" என்றேன் அவனிடம். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "அவங்க கத்துனது அன்னிக்கே மறந்து போச்சு. நான் உக்காரும்போது நீ ஒரு மாதிரி உதட்டைச் சுழிச்ச பாரு, அதான் மறக்கல. அதுக்கப்புறம்தான் வாசிக்கவே எந்திரிக்கல" என்றான்.

எனக்கு அப்படிச் செய்ததாக ஞாபகமே இல்லை. ஆனால் அவன் பொய் சொல்பவன் இல்லை. "சாரிடா" என்றேன். "பரவால்ல" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டான். மறுநாளும் வாசிக்க எழுந்திருக்கவில்லை.

நேற்று புத்தகத்தில் 'நைஃப்' என்ற சொல்லைக் காட்டி, "இதுலயும் கே சொல்லக் கூடாதாடா?" என்று மெதுவாகக் கேட்டான். சொல்லக் கூடாது என்றேன். சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கிறது என்று அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்