மாத்திரை எத்தனை மணிக்கு? டிரசர் படித்த பாடம்



இனிப்புநீர் வியாதிக்காரர்கள் எதைச் சாப்பிடலாம், எதைத் தள்ள வேண்டும் என்று பல பேர் பலமுறை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இந்தத் தடவை, நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஒரு ரப்பர் தோட்டத்தில், காலை ஒன்பது மணி வாக்கில் ஒரு பால்மரத் தொழிலாளியை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து போயிருந்தது. கூப்பிட்டால் ஏதோ உளறினார். "காலையிலேயே தண்ணி போட்டுட்டான் டிரசர்" என்றார் மண்டோர். நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். விரலில் குத்திச் சீனி பார்த்தால் 2.1. நாலுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. குளுக்கோஸ் ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்து, "என் பால் வாளி எங்கே ஐயா?" என்று கேட்டார். எழுந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பவில்லை. அவர் சாப்பிட்ட மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நிற்கும், மறுபடியும் சீனி இறங்கலாம். ஆகையால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன்.

பிறகு அவருடைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். 'மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, கண்டித்துச் சொல்லப்பட்டது' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அதற்கு மேல் வரியில், சீனி குறையவில்லை என்று டாக்டர் மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக ஆக்கியிருந்தார். நான் கண்டித்தேன். அவர் பயந்துகொண்டு இரண்டையும் ஒழுங்காகப் போட்டார். மரத்தடியில் விழுந்தார். (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.)

முன்னே ஏன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று நான் அவரை ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த மாதமே ஒரு கூட்டம் போட்டேன். முதல் கூட்டம் சுத்தமாக வீண். ஆபீஸ் பக்கத்து மண்டபத்தில் வைத்தேன், முன் வரிசையில் கிராணியும் மண்டோரும். "எல்லாருக்கும் மாத்திரை சரியா ஒத்துக்குதா?" என்று கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு மணி நேரம் நானே பேசிவிட்டு, பிஸ்கட் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டாவது கூட்டத்தை ஆயாக்கொட்டகைத் தாழ்வாரத்தில், வேலை முடிந்து எல்லாரும் குளித்துவிட்டு வந்த நேரத்தில் வைத்தேன். பாய் விரித்து நானும் கீழே உட்கார்ந்தேன். மண்டோரைக் கூப்பிடவில்லை. விழுந்து எழுந்தவரே முதலில் தன் கதையைச் சொன்னார். அதன் பிறகு ஒரு அக்கா வாய் திறந்தார்: "எனக்கும் அப்படித்தான் ஐயா. மாத்திரையைப் போட்டுட்டு வெட்டுக்குப் போனா கையெல்லாம் நடுங்குது. மரத்தைப் புடிச்சிக்கிட்டு நிப்பேன். அதான் வேலை நாள்ல போடுறதில்லை, ஞாயித்துக்கிழமை மட்டும் போடுவேன். சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல."

இன்னும் நாலு பேர் அதையே சொன்னார்கள்.

காரணம் மாத்திரைப் பையின் மேலேயே எழுதியிருந்தது. 'பாகி, செபெலும் மாக்கான்'. காலையில், சாப்பாட்டுக்கு முன். ஆபீஸ்காரருக்குக் காலை என்றால் ஏழு மணி, ஏழரைக்குப் பசியாறிவிடுவார். பால்வெட்டுக்காரருக்குக் காலை நாலரை மணி. ஒரு கிளாஸ் தேத்தண்ணி, மாத்திரை, பிறகு பெரட்டு, பிறகு நூற்றுக்கணக்கான மரம். பசியாறுவது பத்து மணிக்கு. கிளிக்லசைட் போன்ற மாத்திரைகள், வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், அது சீனியை இறக்கிக்கொண்டே போகும். நடக்கிற உடம்பு இன்னும் வேகமாகச் சீனியைச் செலவழிக்கும். பையில் எழுதியதை அப்படியே கேட்டவர்தான் விழுந்தார்.

டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. ஒவ்வொருவருடைய வேலை நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் ஆளுக்கு ஏற்றபடி மாற்றினார். பையில் என்ன எழுதுவது என்பதை நோயாளிகளே முடிவு செய்தார்கள்: 'பசியாற உட்காரும்போது'. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சாப்பாட்டுத் தட்டுப் படம் வரைந்து கொடுத்தது.

நான் படித்த பாடத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டரின் கதை உண்டு. 1901-ல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்து, காட்டை வெட்டி மலேரியாவை அடக்கினார். கால்வாய் வெட்டினால் கொசு சாகும், அதற்கு யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. இனிப்புநீர் அப்படிப்பட்ட வியாதி இல்லையே! அது உங்கள் அடுப்படியிலும் சாப்பாட்டுப் போசியிலும் வேலை நேரத்திலும் இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? 2019-ம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவின் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, இனிப்புநீர் இருந்தது. மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களே முன்னால் நிற்கிறோம்.

1978-ல் அல்மா அட்டா நகரில் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் கூட்டிய மாநாடு, சுகாதாரப் பராமரிப்பைத் திட்டமிடுவதில் பங்கெடுப்பது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று பிரகடனம் செய்தது. உரிமை என்று சொல்லியிருக்கிறார்கள், கவனியுங்கள். டிரசர் மனம் வைத்தால்தான் என்று இல்லை.

சாப்பாட்டு விஷயத்திலும் தாய்மார்கள் என்னைத் திருத்தினார்கள். சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டை, அதாவது கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்பதை, சுவரில் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தேன். "அரைத் தட்டுக் காய்க்குச் சம்பளத்துக்கு முந்தின வாரம் எங்கே போறது?" என்று ஒரு அம்மா கேட்டார். அப்புறம் அவர்களே லயத்துக்குப் பின்னால் இருக்கும் முருங்கை, காங்கோங், பசலை எல்லாவற்றையும் கணக்குப் போட்டார்கள். டின் பாலைக் கரண்டியால் அளந்து ஊற்றிப் பார்த்ததும் அவர்கள் யோசனைதான். ஒரு கிளாஸில் எவ்வளவு போகிறது என்று பார்த்து ஊற்றியவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

உங்கள் தோட்டத்தில் இனிப்புநீர்க்காரர்கள் இருந்தால், இதைக் கவனத்தில் வையுங்கள். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பசித்து, பேச்சுக் குழறினால் சீனி இறங்கியிருக்கலாம். நினைவு இருந்தால் மூன்று நாலு தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிஷத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள், பிறகு கிளினிக்குக்குக் கூட்டிவாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வெட்டுக்குப் போகும்போது பையில் சீனிப் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நேரத்தை மாற்றவும் வேண்டாம். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், எத்தனை மணிக்குப் பசியாறுகிறீர்கள், எந்த நாளில் மாத்திரையை விடுகிறீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும். கூட்டம் போட டிரசருக்கு நேரமில்லை என்றால், தோட்டக் கமிட்டி மூலம் கேளுங்கள்.

எங்கள் கூட்டம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது. இப்போது வங்காளதேசத் தொழிலாளர்கள் இரண்டு பேரும் வருகிறார்கள், மலாயில் பேசிக்கொள்கிறோம். அடுத்த கூட்டத்துக்குக் கண் பரிசோதனையைப் பற்றிப் பேசலாம் என்று நான் சொன்னேன். "அது இருக்கட்டும் ஐயா, ரப்பர் பூட்ஸ் நாள் முழுக்க உள்ளே ஈரமா இருக்கு, கால் புண் ஆறவே மாட்டேங்குது, முதல்ல அதைப் பேசுவோம்" என்றார்கள். என் பட்டியலில் பூட்ஸே இல்லை. அதைத்தான் பேசப் போகிறோம்.