யோகம்: தத்துவம், பிரிவுகள், பயிற்சி

யோகம் என்பது உடல், மூச்சு, மனம் ஆகிய மூன்றையும் ஒழுங்குபடுத்தி, மனத்தின் அலைச்சலை அடக்கி, மனிதன் தன் உண்மை நிலையை அறிய வழிகாட்டும் இந்திய மெய்யியல் முறையாகும். சாங்கியம், நியாயம், வைசேடிகம், மீமாஞ்சை, வேதாந்தம் ஆகியவற்றுடன் சேர்த்து ஆறு தரிசனங்களுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. 'யுஜ்' என்ற வடமொழி வேரிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு இணைத்தல் என்றும், மனத்தை ஒருமுகப்படுத்துதல் என்றும் பொருள் கூறுவர்.

இன்று யோகம் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ஆசனங்களே. ஆனால் ஆசனம் என்பது யோகத்தின் எட்டு உறுப்புகளில் ஒன்று மட்டுமே. அந்த ஓர் உறுப்பு உலகம் முழுவதும் பரவியதில் சென்னையில் வாழ்ந்த ஓர் ஆசிரியருக்குப் பெரும் பங்கு உண்டு. அதே ஆசிரியரின் பிற்காலப் பணி, ஆசனத்தை மனிதனுக்கேற்ப மாற்ற வேண்டுமா, மனிதனை ஆசனத்துக்கேற்ப வளைக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் விடை தருகிறது.

தத்துவ அடிப்படை

யோக தரிசனத்தின் மூல நூல் பதஞ்சலியின் யோக சூத்திரம் ஆகும். இதில் சமாதி பாதம், சாதன பாதம், விபூதி பாதம், கைவல்ய பாதம் என நான்கு பகுதிகள் உள்ளன. பதிப்பைப் பொறுத்து மொத்தம் 195 அல்லது 196 சூத்திரங்கள் காணப்படும். நூலின் காலம் குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

யோகத்தின் தத்துவம் பெரிதும் சாங்கியத்தை ஒட்டியது. சாங்கியம் உலகைப் புருடன் (உணர்வுடைய ஆன்மா), பிரகிருதி (உணர்வற்ற மூல இயற்கை) என இரண்டாகப் பிரிக்கிறது. மனமும் பிரகிருதியின் ஒரு பகுதியே. மனத்தில் எழும் எண்ணங்களைத் 'தான்' என்று ஆன்மா தவறாகக் கருதுவதே துன்பத்துக்குக் காரணம். இந்தத் தவறான அடையாளம் நீங்குவதே விடுதலை. சாங்கியத்தின் 25 தத்துவங்களுடன் ஈசுவரனையும் ஏற்றுக்கொள்வதால் யோகத்தைச் சேசுவர சாங்கியம் என்றும் அழைப்பர்.

மனத்தின் இயக்கங்கள் விருத்திகள் எனப்படும். சரியான அறிவு, தவறான அறிவு, கற்பனை, உறக்கம், நினைவு என அவை ஐந்து. இவற்றை அடக்குவதே யோகம் எனப் பதஞ்சலி வரையறுக்கிறார். அதற்கு அவர் கூறும் வழிகள் இரண்டு: ஒன்று அப்பியாசம், அதாவது இடைவிடாத பயிற்சி, மற்றொன்று வைராக்கியம், அதாவது பற்றின்மை. அறியாமை, தான் என்னும் எண்ணம், விருப்பு, வெறுப்பு, மரண பயம் ஆகிய ஐந்தும் மனத்தை வாட்டும் கிலேசங்கள் ஆகும்.

எட்டு உறுப்புகள்

1. இயமம்: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, புலனடக்கம், பிறர் பொருளை விரும்பாமை.
2. நியமம்: தூய்மை, மனநிறைவு, தவம், தன்னறிவுக்கான கல்வி, இறைவனிடம் ஒப்படைத்தல்.
3. ஆசனம்: உடலின் இருக்கை நிலை.
4. பிராணாயாமம்: மூச்சை ஒழுங்குபடுத்துதல்.
5. பிரத்தியாகாரம்: புலன்களை வெளிப்பொருள்களிலிருந்து உள்நோக்கித் திருப்புதல்.
6. தாரணை: மனத்தை ஓரிடத்தில் நிறுத்துதல்.
7. தியானம்: அந்த ஒருமை இடையறாது தொடர்தல்.
8. சமாதி: தியானிக்கப்படும் பொருள் மட்டுமே விளங்கி, தியானிப்பவன் என்ற உணர்வு மறைதல்.

யோக சூத்திரத்தில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசும் சூத்திரங்கள் மூன்று மட்டுமே. எந்தவொரு ஆசனத்தின் பெயரும் அவற்றில் இல்லை. ஆசனம் உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதே அங்குள்ள இலக்கணம். கை கால்களை எவ்வளவு வளைக்க முடிகிறது என்பது இந்த இலக்கணத்தில் இடம்பெறவில்லை.

தமிழ் மரபில் யோகம்

தமிழில் யோகத்தை விரிவாகப் பேசும் பழைய நூல் திருமூலரின் திருமந்திரம் ஆகும். இதன் மூன்றாம் தந்திரம் எட்டு உறுப்புகளையும் முறையாக விளக்குகிறது. பத்திரம், கோமுகம், பங்கயம், சுகாதனம், சுவத்திகம் முதலிய ஆசனங்கள் அதில் பெயர் சொல்லப்படுகின்றன. மூச்சை உள்ளிழுக்க 16 மாத்திரை, உள்நிறுத்த 64 மாத்திரை, வெளிவிட 32 மாத்திரை என்ற பிராணாயாம அளவும் அந்நூலில் உண்டு. இது நீண்ட பயிற்சிக்குப் பின் எட்ட வேண்டிய அளவு. தொடக்க நிலையினர் இதை முயல்வது தவறு.

திருமூலருக்கு உடல் இகழத்தக்கதன்று. உயிரும் இறைவனும் குடியிருக்கும் இடம் என்பதால் அதனைப் பேண வேண்டும் என்பது அவர் கருத்து. பிற்காலச் சித்தர் பாடல்களிலும் ஔவையாரின் விநாயகர் அகவலிலும் மூலாதாரம், குண்டலினி பற்றிய செய்திகள் வருகின்றன.

யோகத்தின் பிரிவுகள்

பகவத் கீதை கருமம், பக்தி, ஞானம் ஆகிய வழிகளை யோகம் என்ற பெயரில் விளக்குகிறது. பலன் கருதாது கடமையைச் செய்வது கரும யோகம். இறைவனிடம் அன்பு செலுத்துவது பக்தி யோகம். மெய்ப்பொருளை ஆராய்ந்து அறிவது ஞான யோகம். இவற்றுடன் பதஞ்சலியின் மனப் பயிற்சியை இராஜ யோகம் என்று சேர்த்து, நான்கு யோகங்கள் என்னும் பகுப்பை உலகறியச் செய்தவர் சுவாமி விவேகானந்தர். இவருடைய இராஜ யோகம் என்னும் ஆங்கில நூல் 1896இல் வெளிவந்தது.

அட யோகம் உடலையும் மூச்சையும் முதற்படியாகக் கொண்டது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சுவாத்மாராமரின் அடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களையும், பின்னர் தோன்றிய கேரண்ட சங்கிதை 32 ஆசனங்களையும் விளக்குகின்றன. மந்திர யோகம், இலய யோகம், குண்டலினி யோகம் ஆகியனவும் மரபில் பேசப்படும் பிரிவுகளாகும். கூடுவாஞ்சேரியில் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறைக் குண்டலினி யோகம் தமிழ்நாட்டில் பரவலாகப் பயிலப்படுகிறது.

சென்னையும் யோகமும்

அடையாற்றில் 1882இல் தலைமையகத்தை அமைத்த பிரம்மஞான சபை, 1886இல் அங்கு ஒரு நூலகத்தைத் தொடங்கியது. அடையாறு நூலகம் என அறியப்படும் இந்நூலகம் ஓலைச்சுவடிகளைச் சேகரித்துப் பாதுகாத்ததுடன், யோக உபநிடதங்களின் தொகுப்பை 1920இல் பதிப்பித்தது. மேலை நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் சென்னையில் தங்கியிருந்த கட்டடம், கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் இன்றும் உள்ளது. அதே ஆண்டில் சுவாமி இராமகிருஷ்ணானந்தரால் சென்னையில் இராமகிருஷ்ண மடம் தொடங்கப்பட்டது. பின்னர் அது மயிலாப்பூரில் நிலைபெற்றது.

நூல்களிலும் சொற்பொழிவுகளிலும் இருந்த யோகத்தைச் சென்னையில் அன்றாடப் பயிற்சியாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). கர்நாடகத்தில் பிறந்த இவர் வடமொழி, தரிசனங்கள், ஆயுர்வேதம் ஆகியவற்றைக் கற்றவர். 1930களில் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். யோக மகரந்தம் என்னும் இவரது கன்னட நூல் 1934இல் வெளிவந்தது.

மைசூரில் இவரிடம் பயின்றவர்களே பின்னாளில் உலக யோகத்தின் முகங்களாயினர். பி. கே. எஸ். ஐயங்கார், ஆசனத்தின் துல்லியத்தையும் கட்டை, கயிறு போன்ற துணைக்கருவிகளையும் வலியுறுத்தினார். பட்டாபி ஜோயிஸ், தொடர் அசைவுகளைக் கொண்ட அஷ்டாங்க வின்யாச முறையைக் கற்பித்தார். இம்முறையின் பெயரையும் பதஞ்சலியின் எட்டு உறுப்புகளையும் மாணவர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னது ஒரு பயிற்சி முறை. பின்னது முழுமையான தத்துவ அமைப்பு. இரஷ்யப் பேரரசில் பிறந்த இந்திரா தேவியை முதலில் மாணவியாக ஏற்கக் கிருஷ்ணமாச்சாரியார் தயங்கினார். மன்னரின் பரிந்துரையால் ஏற்றார். அந்த அம்மையார் பின்னர் அமெரிக்காவில் யோகத்தைப் பரப்பினார்.

விடுதலைக்குப் பின் அரண்மனை ஆதரவு குறைந்து, 1950இல் மைசூர் யோகசாலை மூடப்பட்டது. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட சட்ட அறிஞர் ஒருவருக்கு உதவ அழைக்கப்பட்ட கிருஷ்ணமாச்சாரியார் 1952இல் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு அறுபது வயதைக் கடந்திருந்தது. மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் அவர் கற்பித்தார்.

மைசூரில் அவர் முன் நின்றவர்கள் பெரும்பாலும் வலுவான இளைஞர்கள். சென்னையில் வந்தவர்களுள் நோயாளிகள், முதியவர்கள், பெண்கள் பலர். எனவே கற்பிக்கும் முறையும் மாறியது. ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து, நாடி பிடித்து, மூச்சைக் கவனித்து, வயது, தொழில், நோய், நம்பிக்கை ஆகியவற்றுக்கேற்பப் பயிற்சியை அமைத்தார். காலை நீட்டிக் குனிய முடியாதவருக்கு முழங்காலை மடக்கிக் குனியச் சொல்வது குறையன்று. ஆசனத்தின் பயன் அவருக்குக் கிடைக்க அதுவே வழி.

இவருடைய மகன் டி. கே. வி. தேசிகாச்சார் (1938–2016) பொறியியல் படித்தவர்; யோகத்தில் முதலில் நாட்டம் இல்லாதவர். வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர், பல காலத்துக்குப் பின் மாத்திரையின்றி உறங்க முடிந்ததற்காகத் தம் தந்தைக்கு நெகிழ்ந்து நன்றி கூறியதைக் கண்ட பிறகே தமக்கு ஆர்வம் பிறந்ததாக அவர் கூறியுள்ளார். பொறியாளர் வேலையை விட்டுவிட்டுத் தந்தையிடம் மாணவரானார். மெய்யியலாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் இவரிடம் யோகம் பயின்றார். 1976இல் இவர் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் மந்தைவெளியை அடுத்த பகுதியில் செயல்பட்டு வருகிறது.

மரபு எவ்வளவு பழையது?

இன்றைய ஆசனப் பயிற்சிகள் அனைத்தும் பல்லாயிரம் ஆண்டுப் பழமையானவை என்று பலர் கருதுகின்றனர். ஆய்வாளர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. அமர்ந்த நிலை ஆசனங்களுக்குப் பழைய நூல்களில் சான்று உண்டு. நின்று செய்யும் பல ஆசனங்களும் வேகமான தொடர் அசைவுகளும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இந்திய உடற்பயிற்சி மரபும் மேலைநாட்டு உடற்பயிற்சியும் கலந்த சூழலில் வடிவம் பெற்றன என்று நார்மன் சோமன், மார்க் சிங்கிள்டன் போன்றோர் எழுதியுள்ளனர். கிருஷ்ணமாச்சாரியார் தமக்கு ஆதாரமாகக் குறிப்பிட்ட யோக குருந்தம் என்னும் நூலின் சுவடி எதுவும் கிடைக்கவில்லை. இவற்றால் பயிற்சியின் பயன் குறைந்துவிடாது. ஆனால் பழமை ஒன்றையே சான்றாகக் காட்டி ஒரு பயிற்சி எல்லோருக்கும் நல்லது என்று கூற முடியாது என்பதை இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன.

பயிற்சியின் நெறிகள்

சென்னை மரபில் வலியுறுத்தப்படும் சில நெறிகள் தொடக்க நிலையினர் அனைவருக்கும் பயன்படுவன.

மூச்சே அளவுகோல். கைகளை உயர்த்தும்போதும் மார்பு விரியும்போதும் மூச்சை உள்ளிழுக்க வேண்டும்; குனியும்போதும் வயிறு மடங்கும்போதும் வெளிவிட வேண்டும். மூச்சு திணறினாலோ தடைபட்டாலோ அந்த ஆசனம் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

படிப்படியான ஒழுங்கு. எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்ல வேண்டும். கடினமான ஆசனத்துக்குப் பின் அதன் அழுத்தத்தைத் தணிக்கும் எதிர் ஆசனம் செய்ய வேண்டும். இது பிரதிகிரியாசனம் எனப்படும்.

ஆசனம், பிராணாயாமம், தியானம் என்ற வரிசை. உடலின் இறுக்கம் தளர்ந்த பின் மூச்சும், மூச்சு சீரான பின் மனமும் அடங்கும்.

தொடக்க நிலையினர் 20 நிமிடங்களில் முடிக்கத்தக்க பயிற்சி ஒன்றை இவ்வாறு அமைக்கலாம்: நின்ற நிலையில் மூச்சுடன் கைகளை உயர்த்தித் தாழ்த்துதல், முழங்காலைச் சற்று மடக்கிக் குனியும் உத்தானாசனம், மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்பருகே கொண்டுவரும் அபானாசனம், இடுப்பை மெல்ல உயர்த்தும் துவிபாத பீடம், சவாசனத்தில் ஓய்வு, இறுதியாக முதுகு நிமிர அமர்ந்து சில நிமிடங்கள் மூச்சைக் கவனித்தல். ஒவ்வோர் அசைவையும் நான்கு முதல் ஆறு முறை செய்தால் போதும். உணவு உண்டு மூன்று மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும்.

பயனும் எச்சரிக்கையும்

நாட்பட்ட இடுப்பு வலிக்கு மருந்தில்லாச் சிகிச்சைகளுள் ஒன்றாக யோகத்தை அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. மன அழுத்தம், உறக்கமின்மை ஆகியவற்றிலும் யோகம் பலருக்கு உதவுகிறது. எனினும் நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கான மருந்துகளை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது ஆபத்தானது. யோகம் சிகிச்சைக்குத் துணை, மாற்று அன்று.

கண் அழுத்த நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளோர் சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். கருவுற்ற பெண்கள் கபாலபாதி போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளையும் வயிற்றை அழுத்தும் ஆசனங்களையும் செய்யக் கூடாது. மூச்சை நீண்ட நேரம் நிறுத்தும் கும்பகத்தை ஆசிரியரின் நேரடி மேற்பார்வையின்றிப் பழகக் கூடாது.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் யோக வகுப்புகளுக்குக் குறைவில்லை. இணையத்திலும் காணொளிகள் ஏராளம். முதல் வகுப்பில் உங்கள் நோய், அறுவை சிகிச்சை, வயது ஆகியவற்றை ஆசிரியர் கேட்கிறாரா என்று பாருங்கள். வலிக்கிறது என்று நீங்கள் சொன்னதும் ஆசனத்தை மாற்றுகிறாரா, உங்களை மேலும் அழுத்துகிறாரா என்று கவனியுங்கள். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க இந்த இரண்டு கேள்விகளே பெரிதும் உதவும்.

ஐக்கிய நாடுகள் அவை 2014 டிசம்பர் 11 அன்று ஜூன் 21ஆம் நாளைப் பன்னாட்டு யோக நாளாக அறிவித்தது; 2015 முதல் அது கொண்டாடப்படுகிறது. யுனெஸ்கோ 2016இல் யோகத்தை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கிருஷ்ணமாச்சாரியாரோ 96ஆம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது, படுக்கையிலிருந்தே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்கெனத் தாமே வகுத்துக்கொண்டார். நூறு வயதிலும் அவர் கற்பிப்பதை நிறுத்தவில்லை. இளமையில் மைசூர் அரண்மனையில் செய்துகாட்டிய கடினமான ஆசனங்களும், முதுமையில் சென்னையில் படுத்தபடி செய்த சிறு அசைவுகளும் அவருக்கு ஒரே யோகம்தான்.