தாளம் தப்பும் இதயம், தவிக்கும் மூளை

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் 15 முதல் 20 சதவீதத்தைப் பெறுகிறது. சேமித்து வைக்க அதற்கு வழியில்லை. ஒவ்வொரு துடிப்பையும் நம்பியே இயங்குகிறது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற துடிப்பில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதில்லை, வெறுமனே நடுங்குகின்றன. இடது மேலறையின் ஓரத்தில் விரல்போல் நீண்டிருக்கும் சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி பெயர்ந்து, கழுத்துத் தமனி வழியே ஏறி, மூளைக் குழாயை அடைத்தால் பக்கவாதம். அந்த அபாயத்தை இக்கோளாறு ஏறத்தாழ 5 மடங்கு கூட்டுகிறது.

பலரும் அறியாதது அடுத்து நடப்பதுதான். அடைப்பைச் சுற்றியுள்ள திசு உடனே சாவதில்லை. பக்கத்துக் குழாய்களிலிருந்து வரும் கொஞ்ச ரத்தத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சாதாரண நேரத்தில் ரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலும், மூளைக் குழாய்கள் சுருங்கியோ விரிந்தோ ஓட்டத்தைச் சமன்செய்துவிடும். பாதிக்கப்பட்ட பகுதியில் அந்தத் திறன் குன்றிவிடுகிறது. இதயம் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுதான் அங்கே ரத்தம். துடிப்பு மிக விரைந்தால் கீழறைகள் நிரம்ப நேரமில்லை. ஒரு துடிப்பு வலுவாக இருக்கும், அடுத்தது நாடிக்கே எட்டாது. பிழைத்திருக்க வேண்டிய திசுவும் அப்போது பறிபோகலாம். பக்கவாதப் பிரிவில் இசிஜி திரையை விடாமல் கவனிப்பது இதற்காகவும்தான்.

மருத்துவர் தரும் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் இவ்வகைப் பக்கவாதங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டைத் தவிர்க்கின்றன. 65 வயதைத் தாண்டியவர்கள் அவ்வப்போது மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். ஒழுங்கின்றித் துடித்தால் தள்ளிப்போடாமல் இசிஜி எடுத்துக்கொள்ளுங்கள்.