ஊர்ப் பெயரிலேயே தோட்டம்... உங்கள் நகரில் பூங்கா எங்கே?

சங்கத் தமிழில் 'படப்பை' என்றால் தோட்டம், வீட்டை ஒட்டிய கொல்லை. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் இருக்கும் படப்பைக்கு இன்று வேறு அடையாளம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், புதுப்புது மனைப்பிரிவுகள். ஷிஃப்ட் முடிந்து வருபவர் காற்றாட உட்கார, குழந்தை சைக்கிள் பழக, தாத்தா பாட்டி லாரிக்குப் பயப்படாமல் நடக்க ஓர் இடம் வேண்டுமே?

அந்த இடம் உங்கள் பத்திரத்தோடு இருக்கும் லே-அவுட் வரைபடத்திலேயே இருக்கலாம்!

10 சதவிகிதம் பொதுவுக்கு!

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 இதைத் தெளிவாகச் சொல்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மீதியில் 10 சதவிகிதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். 'ஓ.எஸ்.ஆர் இடம்' என்பார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், இடத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழி உண்டு.

ஒரு கணக்கு போடுவோம். 5 ஏக்கர் மனைப்பிரிவில் சாலைக்கு 1 ஏக்கர் போனால், பூங்காவுக்கு 40 சென்ட். அதாவது சுமார் 7 கிரவுண்டு!

சேர்ந்தால் பெரிது

வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், அதாவது 5 நிமிட நடையில், குறைந்தது அரை ஹெக்டேர் பசுமை இடம் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம். ஒரு மனைப்பிரிவின் 40 சென்ட் அதற்குப் போதாது. ஆனால், அடுத்தடுத்த மூன்று மனைப்பிரிவுகள் தங்கள் பூங்கா இடத்தைப் பொது எல்லையில் ஒன்றாக அமைத்தால், கிட்டத்தட்ட அரை ஹெக்டேர் வந்துவிடும். மூலைக்கு ஒன்றாகச் சிதறினால் மூன்றுமே புதர் மண்டிப் போகலாம்.

அமைப்பும் முக்கியம். சாலையிலிருந்து உள்ளே தெரிய வேண்டும். இரண்டு பக்கம் வாசல், விளக்கு, வேம்பு, புங்கன் நிழல் வேண்டும். காலை, மாலை மட்டும் திறந்தால் மதிய ஷிஃப்ட்டுக்குப் போகிறவருக்குப் பயனில்லை.

பெங்களூரு சொன்ன பாடம்

பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை 1976-ல் ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்கு ஒதுக்கினார்கள். குடியிருப்புவாசிகள் நீதிமன்றம் போனார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே நின்றது. ஆஸ்பத்திரி நல்ல காரியம்தான். அதற்காகப் பூங்காவை எடுக்க முடியாது என்பதே அதன் சாரம்.

நீங்கள் செய்ய வேண்டியது

* டி.டி.சி.பி அல்லது சி.எம்.டி.ஏ ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் 'பூங்கா' என்று குறித்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

* அது உள்ளாட்சி பெயருக்குத் தானப் பத்திரமாகப் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் பாருங்கள்.

* இல்லையென்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் ஊராட்சியைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

* கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

மனை வாங்கப் போகிறவர்களே... தண்ணீர், பட்டா விசாரிக்கும்போது இதையும் கேளுங்கள்: "பூங்கா இடம் யார் பேரில் இருக்கு?"